காசிநாதன் வீட்டு டிராக்டர் படம்

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் இருசம்மாள் அந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாள். அப்படி ஒரு படம் இருப்பதே அதுவரை அவள் மகள் கலையரசிக்குத் தெரியாது. சிலர் இப்படித்தான், சொல்லவேண்டியதை வருஷக்கணக்கில் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, சொல்லும் நாளில் சோற்றுக்கு உப்பு கேட்பது மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள்.

அக்னி நட்சத்திரம் கழிந்தும் வெயில் கழியாத வைகாசி. வேலங்குடிகாட்டுக் கீழத்தெருவில் மத்தியானம் நாய்கூட வெளியே தலைகாட்டாது. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருசம்மாள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டையைக் கல்மேல் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு. தோடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வரவேண்டும். கை கொஞ்சம் தப்பினால் பருப்பு நொறுங்கிவிடும். கைக்குச் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவாள், இருந்தாலும் தோட்டின் எண்ணெய் விடாது, தோலைத் தின்றுவிடும். முப்பது வருஷத்தில் அவள் விரல்களில் ரேகை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. ரேஷன் கடை மிஷின் அவளை ஆள் என்று ஒப்புக்கொள்வதில்லை. மாதாமாதம் அவள் புருஷன் மாயவன்தான் போய் விரலை வைக்கவேண்டும்.

கலையரசி பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கலியாணத்துக்கு அவளே பேர் எழுதுவதை அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். ஆனால் அந்தத் தெருவில் அவ்வளவு குண்டுகுண்டாக எழுதுகிறவர்கள் வேறு யாருமில்லை. மாப்பிள்ளை அறிவழகன் பூலாம்பாடிக்காரர்.

"படையலுக்கு வல்லி படத்த வெக்கணும் கலை. டவுன்ல குடுத்துப் பெருசு பண்ணி, கண்ணாடி போட்டு வாங்கியாந்துடு."

"எந்த வல்லி?" என்று கேட்ட பிறகுதான் கலையரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புஷ்பவல்லி அவளுடைய அக்கா. கலையரசி பிறப்பதற்கு முந்தின வருஷம், ஆறு வயதில், மூளைக்காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டவள். வீட்டில் கலியாணம் என்றால், கன்னியாகச் செத்துப்போன பெண்ணுக்கு முதலில் துணி எடுத்துப் படைத்து உத்தரவு கேட்கவேண்டும், அப்புறம்தான் பந்தக்கால். பூவாடைக்குப் படைப்பது என்பார்கள். இந்த வீட்டில் இதுதான் முதல் கலியாணம், ஆகவே வல்லிக்கும் இதுதான் முதல் படையல்.

"அக்காவுக்கு ஏதும்மா படம்?"

"இருக்கு. ஒன் லைப்ரரிலதான் இருக்கு."

இருசம்மாள் கட்டையைக் கீழே வைக்கவில்லை. தட்டிக்கொண்டே சொன்னாள்.

"காசிநாதன் வூட்டுல புது டிராக்டர் எடுத்தாங்கல்ல, நீ பொறக்கறதுக்கு முந்தி. ஜெயங்கொண்டத்துலேருந்து படம் புடிக்கிறவன் வந்தான். நாங்க தோப்புல பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தோம். டிராக்டரு தோப்புக்குள்ளதான் நின்னுச்சு. அவங்க வூட்டு ஆளுங்கல்லாம் முன்னால வரிசையா நின்னாங்க. நான் கூடையத் தூக்கிக்கிட்டு ஒதுங்கப் போனேன். அந்த ஆளு, 'நீ நில்லும்மா, பழக்கூடையோட ஒரு ஆளு நின்னாத்தான் முந்திரித்தோப்புன்னு தெரியும்'னான். வல்லி ஓடியாந்து என் பொடவையப் புடிச்சுக்கிட்டா. கையில ஒரு பழம், பாதி தின்னது. சாறு முழங்கை வரைக்கும் ஒழுவுது. தொடச்சுவுடக்கூட நேரமில்ல, அதுக்குள்ள எடுத்துப்புட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பங்குனியில படம் எடுத்தாங்க, ஆடியில அவ போயிட்டா."

இன்னும் இரண்டு கொட்டையை உடைத்துப் போட்டாள்.

"அவங்க முன்கூடத்துல மாட்டியிருந்தாங்க. நான் பருப்பு நிறுக்கப் பின்கட்டுக்குத்தான போவேன். பின்வாசல்ல நெலையோரமா நின்னா, ரெண்டு வாசக்கால் தாண்டி அந்தப் படம் நேரா தெரியும். அவங்க தராசு எடுத்தாறதுக்குள்ள பாத்துக்குவேன்."

"அவ்ளோ தூரத்துல மொகம் தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் இருசம்மாள். "வூட்ட இடிச்சப்பதான் பதறிப்போயிட்டேன். அந்த வூட்டம்மாகிட்ட கேட்டேன். 'படமெல்லாம் லைப்ரரிக்குக் குடுத்தாச்சு, ஒம்மவதான் கம்ப்யூட்டர்ல ஏத்துனா'ன்னு சொன்னுச்சு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஒன் கைலதான இருக்கு, இனிமே எங்க போயிடப்போவுதுன்னு நிம்மதியா விட்டுட்டேன்."

கலையரசிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், வீடுவீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்கிக்கொண்டிருந்த சமயம், வீட்டில் கூழ் குடித்துக்கொண்டே, "நம்ம வூட்டுல எதுனா பழைய படம் இருக்காம்மா?" என்று கேட்டாள். "நம்மளுதுதான் அங்க வந்துருச்சே" என்று இருசம்மாள் சொன்னாள். வேலை மும்முரத்தில் அது என்ன ஏது என்று இவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே நூலகத்தைத் திறந்தாள்.

வேலங்குடிகாட்டு நூலகம் ஓட்டுக் கட்டடம். பேப்பர் படிக்க நாலு பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கப் பத்துப் பன்னிரண்டு பெண்களும் வருவார்கள். கலையரசி பெரம்பலூரில் நூலகப் படிப்பு முடித்துவிட்டு இங்கே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தவள். அவள் சேர்ந்த இரண்டாம் வருஷம்தான் வாசகர் வட்டத்தார் ஊர்ப் படங்களைச் சேகரிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். பழைய படங்கள் ஈரத்திலும் செல்லரித்தும் அழிந்து போகின்றன, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நூலகத்தில் வைத்துவிட்டால் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஒரு ஸ்கேனர் வந்தது, டிஸ்க் இரண்டு வந்தன. வேலை மட்டும் கலையரசி தலையில் வந்தது. அவளும் ஆசையாகத்தான் செய்தாள். நூற்று நாற்பது வீட்டுப் படங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மோட்டார் பம்ப் செட் திறப்பு, நாற்காலியில் உட்காரவைத்த பிணத்தைச் சுற்றிச் சொந்தங்கள் நின்று எடுத்துக்கொண்ட படங்கள், இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் பேர், வருஷம், படத்தில் இருப்பவர்கள் என்று பட்டியலும் அவளே அடித்து, படங்களை அந்தந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

கம்ப்யூட்டரில் காசிநாதன் வீட்டு ஃபோல்டரைத் திறந்தாள். பதினேழாவது படம். சிவப்பு டிராக்டர், மூஞ்சியில் மாலை. காசிநாதன் மீசையோடு. அவர் மனைவி வளர்மதி, பட்டுப்புடவை. டிராக்டர் சீட்டில் மகன் தமிழரசன், டிரவுசரோடு. பக்கத்தில் இரண்டு சித்தப்பாமார். எல்லாரும் நடுவில் பாந்தமாக, பளிச்சென்று நின்றார்கள்.

இடது பக்கம் யாருமில்லை.

படத்தைப் பெரிதாக்கி இடது ஓரத்தைப் பார்த்தாள். ஒரு பிரம்புக்கூடையின் விளிம்பு மட்டும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும். கையில் மஞ்சளாக ஒரு பழம்.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. சட்டகத்திலிருந்து எடுக்கும்போதே அந்தப் படத்தின் ஒரு ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சைக்குள் யாரோ கூலியாட்கள் மங்கலாக நின்றார்கள். 'எங்க குடும்பம் நல்லாத் தெரிஞ்சாப் போதும்' என்று வளர்மதி சொல்லியனுப்பியிருந்தாள். அன்றைக்கு மட்டும் நாற்பது படம் முடிக்கவேண்டியிருந்தது. பூஞ்சை ஓரத்தை வெட்டினாள். வெட்டியதும் படம் சுத்தமாகிவிட்டது. அந்தச் சுத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது.



நூலகர் மலர்கொடி ஒன்பது மணிக்கு வந்தார். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், சிமெண்டு லாரிப் புழுதியைத் துடைக்காமல் அவருக்கு நாள் தொடங்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கலியாணப் பொண்ணு லீவு போடாம எதுக்கு வந்த?" என்றார்.

"மேடம், நாம மொதல்ல ஸ்கேன் பண்ண பெரிய ஃபைலெல்லாம் எங்கயாச்சும் இருக்குமா?"

"எந்தப் பெரிய ஃபைலு?"

"வெட்டறதுக்கு முந்தினது. மூலம்."

மலர்கொடி கைக்குட்டையை மடித்தார். "அதத்தான் அழிச்சோமேம்மா. டிஸ்க் நெறஞ்சு போச்சு, ஆண்டுவிழா வீடியோ எல்லாம் ஏத்தணும்னாங்க. புது டிஸ்க் கேட்டுக் கடிதம் போட்டேன், பதிலே வரல. பெருச அழிச்சுட்டு சின்னத மட்டும் வெச்சுக்கன்னு நான்தான சொன்னேன்."

"இன்னொரு டிஸ்க் இருக்கே மேடம்? பீரோவுல வெச்சது?"

"அதுலயும் இதேதான். நீதான மாசாமாசம் இதுல இருக்கிறத அப்படியே அதுல ஏத்துவ."

உண்மைதான். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் வைத்தார்கள். இரண்டிலும் அதே வெட்டிய படம், ஒரு புள்ளி மாறாமல் இருந்தது. மூலத்தைத் தொடாதே, எதைச் செய்தாலும் நகலில் செய் என்று திருச்சியில் நடந்த பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கலையரசி நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மலர்கொடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ, ஒங்கக்காவா?" என்றார். பிறகு, "நான் சொல்லித்தான அழிச்ச, பாவம் என்னுதும்மா" என்றார்.

"வெட்டுனது நான் மேடம்."

அன்றைக்கே டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போனாள். அழித்ததை மீட்டுத் தருகிறேன் என்று போர்டு மாட்டியிருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் இதுமேல எழுதிக்கிட்டே இருந்திருக்கீங்க, கோலத்து மேல கோலம் போட்டாப்புல. அடியில இருந்தது போயிருச்சுங்க" என்றார். படம் பிடித்தவரின் ஸ்டுடியோவைத் தேடிப் போனாள். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. அவர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, நெகட்டிவ் எல்லாம் பழைய சாமானோடு அள்ளிப் போட்டார்கள் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது பசித்தது. ஒரு போண்டா வாங்கி, பாதியைக்கூட தின்ன முடியாமல் தாளோடு பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை காசிநாதன் வீட்டுக்குப் போனாள். பழைய வீடு இருந்த இடத்தில் மாடி எழும்பியிருந்தது, முன்பக்கம் முழுக்க டைல்ஸ். வளர்மதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்திரிப் பிஞ்சு அரிந்துகொண்டிருந்தாள்.

"வா கலை. பத்திரிக வெக்க வந்தியா? ஒங்கப்பன் நேத்தே வெச்சுட்டானே."

"இல்லீங்கம்மா. லைப்ரரிக்குக் குடுத்தீங்கல்ல, அந்தப் பழைய படங்க. அதுல டிராக்டர் படம் ஒண்ணு... ஒரிஜினல் இருந்தா ஒருக்கா பாக்கலாம்னு."

"அதெல்லாம் எங்க இருக்கு. வூடு இடிச்ச வருசமே போகிக்குப் போட்டாச்சு. பூரா பூஞ்ச, செல்லு. நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே, இன்னும் எதுக்குக் குப்பைய வெச்சுக்கிட்டு?"

உள்ளேயிருந்து காசிநாதன் குரல் வந்தது. "யாரு அது?"

"மாயவன் மவங்க. டிராக்டர் படம் கேக்குறா."

"டிராக்டரையே வித்தாச்சு, படம் என்னத்துக்கு?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். மனுஷன் நல்லவர், குத்திப் பேசத் தெரியாதவர். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல இல்லியா? பத்திரமா இருக்கும்னுதான குடுத்தோம்?"

"இருக்குங்க. சும்மா ஒத்துப் பாக்கலாம்னு."

"அதான பாத்தேன்."

வளர்மதி அரிந்த பிஞ்சில் ஒரு கை அள்ளித் தாளில் மடித்துக் கொடுத்தாள். கலியாண வீட்டுக்கு வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்றாள். கலையரசி வாங்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கே இருந்த அடிபம்பு மேடையில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் மாயவன் வேலைக்குக் கிளம்பும்போது கலையரசி கூடவே தெருக்கோடி வரைக்கும் போனாள். ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கல் லாரியில் பாரம் ஏற்றிய ஆள், இடுப்பு போனபின் முந்திரித்தோப்பில் காவல் பார்க்கிறார். அம்மாவிடம் சொல்லுமுன் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"படம் எப்ப வரும் கலை?"

"பாக்கறம்ப்பா."

"சீக்கிரம் வாங்கு." இரண்டு எட்டு நடந்துவிட்டு நின்றார். "ஒண்ணு சொல்றேன், ஒங்கம்மாகிட்ட சொல்லிப்புடாத. எனக்கு அந்தப் புள்ள மொகமே மறந்துபோச்சு."

கலையரசி அவர் கிட்டே போனாள்.

"அவ நடக்கறது ஞாபகம் இருக்கு. 'அப்பா பன்னு'ன்னு கேக்கறது ஞாபகம் இருக்கு. மொகம் மட்டும் வரமாட்டேங்குது. கண்ண மூடுனா ஒம்மொகந்தான் வருது. பெத்தவனுக்கு இப்படி ஆவுமா? ஒங்கம்மா எதுனா சொல்லி அழுவுறப்பல்லாம் நானும் தெரிஞ்சாப்புல தலைய ஆட்டிக்குவேன். படத்த ஒருக்கா பாத்துட்டேன்னா வந்துரும்."

அவளால் சொல்ல முடியவில்லை. அப்பா முந்திரித்தோப்புப் பக்கம் போய் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் பதறவே இல்லை. "இதுக்கா அழுவுற? ஒன் ஒண்ணாங்கிளாஸ் போட்டோ இருக்குல்ல, அத அனுப்பு. ஏஐல போட்டா அக்கா மொகம் வந்துரும். ஒரே வயித்துப் புள்ளைங்கதான" என்றான். சொன்னபடி பத்து நிமிஷத்தில் ஒரு படம் வாட்ஸப்பில் வந்தது. பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி. வெள்ளைவெளேர் என்று இருந்தாள், பல்வரிசை தெரியச் சிரித்தாள். பின்னால் முந்திரிமரம் மாதிரி ஒரு மரம். கண் மட்டும் கலையரசியின் கண்.

அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுவிட்டால் படையல் நடந்துவிடும். அப்பாவுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும், அவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ராத்திரி சாப்பிடும்போதுகூட அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே இருசம்மாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "வல்லிக்குக் கருவாடுன்னா உசுரு, முள்ளு எடுத்துக் குடுத்து மாளாது" என்றாள். படப் பேச்சை எடுத்த நாளிலிருந்து எல்லாப் பேச்சிலும் வல்லி வந்தாள். இருபத்தேழு வருஷம் பிள்ளைகளிடம் வாய் திறக்காதவள், படம் வரப்போகிறது என்றதும் பேசித் தீர்த்தாள். கலையரசி தட்டைக் கழுவப் போன இடத்தில் தம்பி அனுப்பிய படத்தைப் போனிலிருந்து அழித்தாள்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பதினோரு மணிக்கு, இருசம்மாள் நூலகத்துக்கே வந்துவிட்டாள். மகள் ஐந்து வருஷம் வேலை பார்க்கிற இடத்துக்கு அன்றுதான் முதல்முதலாக வருகிறாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் கைகள் கறுப்புக்குப் பதிலாகச் சிவந்து போயிருந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டு, பேப்பர் படிக்கிறவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

மலர்கொடி எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்கம்மா."

"இருக்கட்டும் டீச்சரு." அவளுக்குப் படித்த பெண்கள் எல்லாருமே டீச்சர்தான். "நாளைக்குச் சாயங்காலம் படையலு. இவ இன்னிக்கி நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருக்கா. கலியாணப் பொண்ண டவுனுக்கு அலையவுட வேணாம், நானே வாங்கிட்டுப் போயி பெருசு பண்ணிக்கிறேன்னு வந்தேன். அதுக்கு முந்தி ஒருக்கா பாத்துடறேன். கிட்டக்க நின்னு நான் பாத்ததே இல்ல."

மலர்கொடி கலையரசியைப் பார்த்தார். பிறகு தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கலையரசி அம்மாவை உட்காரவைத்துப் படத்தைத் திறந்தாள். வேறு என்ன செய்ய முடியும்?

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தாள். "அதான். அதே டிராக்டரு. பாரு, காசிநாதன் எவ்ளோ ஒல்லியா இருக்காரு. தமிழரசு, மூக்கு ஒழுவிக்கிட்டு..." அவள் கண் இடது பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது. "இந்தப் பக்கம் நவுத்து."

"அம்மா..."

"இந்தப் பக்கம் கொஞ்சம் நவுத்து கலை. நான் இந்தப் பக்கம் நிப்பேன். கம்ப்யூட்டர்ல மறைஞ்சிருக்கு."

"இவ்வளவுதாம்மா இருக்கு."

"எப்படி இவ்வளவுதான்? எத்தன வருசம் பாத்துருக்கேன், எனக்குத் தெரியாதா? இந்தா கூடை தெரியுது பாரு. அதுக்கு அங்குட்டு நானு. நவுத்துடி."

"நான் வெட்டிட்டேம்மா."

இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஓரத்துல பூஞ்சையா இருந்துச்சு. நான்தான் வெட்டுனேன். ஒரிஜினல அவங்க போகில போட்டுட்டாங்க. எல்லா எடத்துலயும் தேடிட்டேன், எங்கயுமே இல்ல." கலையரசி எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் டிஸ்க், கடை, நெகட்டிவ் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். பாதிக்குமேல் அம்மா காதில் விழவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"வெட்டறப்ப நீ பாக்கலியா?" என்றாள் இருசம்மாள்.

"பாத்தேன்."

"நான்னு தெரியலியா?"

"யாரோ கூலியாளுன்னு..."

இருசம்மாள் திரையில் அந்தச் சின்னக் கை இருந்த இடத்தில் சுட்டுவிரலை வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்திருக்கவேண்டும், எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். வெளியே தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் ஏதோ கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலர்கொடி தண்ணீர்ச் சொம்போடு வாசலிலேயே நின்றார்.

"அவங்க வூட்டுச் செவுத்துல இருவத்தஞ்சு வருசம் தொங்குனோம் கலை" என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை, அதுதான் கலையரசிக்குத் தாங்கவில்லை. "அவங்ககூட எங்கள வெட்டல."

தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். போகும்போதும் பேப்பர் படிக்கிறவர்களுக்குக் கும்பிடு போட்டாள். கலையரசி கூடவே ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். இருசம்மாள் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அன்று ராத்திரியும் மறுநாள் பகலும் வீட்டில் அவள் வேண்டியதை மட்டும் பேசினாள். அரிசி எங்கே, வாழையிலை எத்தனை, பந்தல்காரன் வந்தானா. வல்லி பேச்சு நின்றுபோயிற்று. மாயவன் இரண்டு தடவை மகளைப் பார்த்தார், கேட்கவில்லை. அவரிடம் அம்மா சொல்லியிருப்பாளா என்று கலையரசிக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாயவனின் தங்கை ரத்தினம்மாள் வரதராஜன்பேட்டையிலிருந்து நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அவள் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் வாய்க்கு வேலை கிடையாது. நடுவீட்டில் சாணி மெழுகிக் கோலம் போட்டு, மணைமேல் வெண்கலச் சொம்பு வைத்து, அதற்குச் சின்னப் பாவாடை சட்டை சார்த்தினார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா. தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கல், கொழுக்கட்டை, பன் ஒன்று, ஓரத்தில் வறுத்த கருவாடு. சொம்புக்குப் பின்னால் சுவரில் புது ஆணி அடித்திருந்தது. மாயவன் போன வாரமே அடித்தது. அதில் ஒன்றும் மாட்டவில்லை.

ரத்தினம்மாள் ஆணியைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, வல்லி படம் வெக்கப்போறோம்னு போன்ல ஊரெல்லாம் சொன்னீங்க. அதப் பாக்கணும்னுதான இவளுங்களும் கெளம்பி வந்துருக்காளுவ. எங்க படம்?"

கலையரசி மஞ்சள் பூசிய முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது எல்லாருக்கும் தெரியப்போகிறது. படித்த மகள், லைப்ரரியில் வேலை பார்க்கிற மகள், பெற்றவளையும் கூடப்பிறந்தவளையும் கூலியாட்கள் என்று வெட்டி எறிந்த கதை பந்தி தோறும் போகும், பூலாம்பாடிக்கும் போகும். போகட்டும், சொல்லவேண்டியதுதானே என்று அவளே வாயைத் திறந்தாள். அதற்குள் இருசம்மாள் பேசிவிட்டாள்.

"அது இப்ப கவருமெண்டுப் படம் ஆயிருச்சுல்ல. லைப்ரரில பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்காங்க. வெளிய குடுக்கச் சட்டமில்லியாம்."

"பெத்தவ கேட்டாக்கூடவா?"

"பெத்தவளா இருந்தா என்ன? நேத்து நானே போயி கேட்டுப் பாத்தேன். அங்கயே ஒக்காரவெச்சுக் காமிச்சாங்க. கிட்டக்க நின்னு நல்லாப் பாத்துட்டு வந்தேன்."

மாயவன் கற்பூரம் ஏற்றப் போனவர் அப்படியே நின்றார். "மொகம் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார்.

இருசம்மாள் புருஷனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியுது. ஒங்க மூக்கு. கன்னம் ஒங்கம்மாவுது. இடது புருவத்துல அந்தத் தழும்பு. ஈறுல பல்லு விழுந்த எடம்கூடத் தெரியுது. சிரிக்கப் போறாப்புல நிக்கிறா, இன்னும் சிரிக்கல."

மாயவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். ரத்தினம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பத்திரமாத்தான வெச்சிருப்பாங்க?" என்றாள்.

"எம்மவதான பாத்துக்குறா" என்றாள் இருசம்மாள். "பத்திரமா இருக்கு."

சொல்லிவிட்டுக் கற்பூரத் தட்டை மாயவன் கையிலிருந்து வாங்கினாள். கலையரசி பக்கம் அவள் திரும்பவே இல்லை. "வா, வுளுந்து கும்புடு. ஒங்கக்காகிட்ட உத்தரவு கேளு" என்றாள்.

கலையரசி எழுந்து வந்து பாவாடை சார்த்திய சொம்புக்கு முன்னால் விழுந்தாள். சுற்றிலும் நின்றவர்கள் கண்ணை மூடி வல்லியை நினைத்துக்கொண்டார்கள். மூக்கு, கன்னம், புருவத்துத் தழும்பு என்று அம்மா சொன்னதைக் கலையரசியும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு முகமாகச் சேரவில்லை. எழுந்திரு, நேரமாகிறது என்று ரத்தினம்மாள் இரண்டு தடவை சொன்ன பிறகும், நெற்றியைத் தரையிலிருந்து எடுக்க அவளால் முடியவில்லை.